வத்தேகம பஸ்ஸும் நெஞ்சு வருத்தமும்

நான் செய்த உத்தியோகம் நெஞ்சுத் துடிப்பைத் தாளில் எடுப்பது. அரசாங்கக் கடதாசியில் ஈ.சி.ஜி. பதிவாளர் என்றிருக்கும். தோட்டத்துச் சனங்களுக்கு நான் ‘கம்பி போடுற ஐயா’. பன்விலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தேன், வத்தேகமயில் குடியிருக்கிறேன், பென்சன் எடுக்கும்வரை பஸ்ஸில் கண்டிக்குப் போய் வந்தேன். கட்டிலில் படுத்திருப்பவரின் கையிலும் காலிலும் நெஞ்சிலும் கம்பிகளைப் பொருத்தினால், சிவப்புக் கட்டம் போட்ட தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும். ஒரு சின்னக் கட்டம் என்றால் விநாடியை 25ஆகப் பிரித்ததில் ஒரு பங்கு. அந்தக் கட்டங்களுக்குள் ஒரு கோடு அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் தாழ்வதைப் பார்த்துப் பார்த்தே என் தலை நரைத்தது.

டொக்டர்மார் எல்லாரும் கேட்கும் கேள்விகள் உண்டு. சிகரெட் இருக்கிறதா, சீனி இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது நெஞ்சு வருத்தம் வந்ததா? எல்லாம் கேட்கவேண்டியவைதான். கம்பி பொருத்தும்போது நான் கேட்பது வேறு: “என்ன வேலைங்க அண்ணே? எந்த ரோட்டுல?” பயத்தில் உடம்பு நடுங்கினால் தாளில் கோடும் நடுங்கும், அதனால் பேச்சுக் கொடுத்து ஆளை இளக்குவது எங்கள் தொழில் வழக்கம். வந்த பதில்களில் பஸ் கொண்டக்டர், சந்தியில் நிற்கும் பொலிஸ்காரர், நடைபாதையில் பழம் விற்பவர், வீதி கூட்டும் நகரசபைத் தொழிலாளி என்று ஒரே வகை ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். ஒரு பதிவாளரின் ஞாபகத்தை ஆய்வென்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பதில்கள்தான் கண்டி வீதிகளின் பழைய கதையைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டின.

வாகனப் புகை என்றால் நம் ஆட்களுக்கு நினைவு வருவது இருமலும் தொய்வும்தான். உலக சுகாதார நிறுவனம் வேறு கணக்குச் சொல்கிறது. 2019இல் வெளிக்காற்று மாசினால் முன்கூட்டியே இறந்தவர்கள் உலகெங்கும் சுமார் 42 லட்சம் பேர். அவர்களில் 100க்கு 68 பேரைக் கொண்டுபோனது இதய நோயும் பக்கவாதமும். புகையை நாம் நுரையீரல் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறோம், அது வசூலிப்பதோ பெரும்பாலும் இரத்தக் குழாயில். கண்டியில் இந்தக் கடன் எப்படி ஏறியது, யார் கட்டுகிறார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அகலமாக்காத பாதைகள்

கண்டி ஒரு குழிக்குள் இருக்கும் நகரம். தெற்கே ஹந்தானை மலை, வடக்கே உடவத்தகெலே காடு, மேற்கே பஹிரவகந்த. மூன்று பக்கமும் மகாவலி கங்கை வளைந்து ஓடுகிறது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் முதலாம் விமலதர்மசூரியன் இதைத் தலைநகராகக் கொண்டதற்கு இந்த அமைப்பே காரணம். போர்த்துக்கேயர் 1594இல் தந்துரையில் அழிந்தார்கள், 1638இல் கன்னொருவையில் மறுபடி அழிந்தார்கள். 1803இல் உள்ளே வந்த ஆங்கிலேயப் படையும் அப்படியே. பாதைகளை அகலமாக்குவதையும் ஆறுகளுக்குப் பாலம் கட்டுவதையும் கண்டி அரசர்கள் விரும்பவில்லை. ஒருவர் பின் ஒருவராக நடக்கவேண்டிய ஒற்றையடிப் பாதையில் பீரங்கி ஏறாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

எதிரிக்கு வைத்த கணக்கில் காற்று சேரவில்லை. மார்கழி, தை மாதங்களில் இரவு வானம் தெளிந்திருக்கும்போது மலைச் சரிவுகள் சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று பாரமானது, அது சரிவு வழியே இறங்கிக் குழிக்குள் தங்கும். அதற்கு மேலே சற்றுச் சூடான காற்று ஒரு படையாக நிற்கும். சட்டிக்கு மூடி போட்டதுபோல அது கீழே உள்ளதை மேலே விடாது. வெயில் ஏறி நிலம் சூடானால்தான் மூடி திறக்கும். அதற்கு ஒன்பது மணியாகலாம். அரசர் காலத்தில் அந்த மூடிக்குள் அகப்பட்டது அடுப்புப் புகையும் தீவட்டிப் புகையும் மட்டும். இன்றோ ஆறரை முதல் எட்டு வரை, மூடி இறுகியிருக்கும் நேரத்திலேயே, பள்ளிக்கூட வேன்களும் கந்தோர் பஸ்களும் நகரத்துக்குள் நுழைகின்றன.

கடைசி அரசன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் வயல்வெளியை அணைகட்டி உண்டாக்கிய ஏரி 1812இல் நிறைவுற்றது. மூன்று ஆண்டு கழித்து, 1815 மார்ச் 2இல், கண்டியை ஆங்கிலேயர் கையில் கொடுத்த கண்டி ஒப்பந்தம். அழகுக்காக வெட்டிய அந்த ஏரியின் கரைதான் பின்னாளில் நகரத்தின் சுற்றுவீதியானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கரத்தையும் கோச்சியும்

மலைநாட்டைப் பிடித்துவைத்திருக்க வீதி வேண்டும் என்பது ஆங்கிலேயருக்கு 1818 கிளர்ச்சியிலேயே விளங்கிவிட்டது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு - கண்டி வீதியைப் போடவைத்தார். அதைப் போட்ட பொறியாளர் கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. 1832இல் அந்த வீதியில் தபால் குதிரைவண்டி ஓடத் தொடங்கியது. வீதியின் பின்னால் கோப்பி வந்தது, கோப்பியின் பின்னால் நாங்கள் வந்தோம். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்தவர்களில் காலராவிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலில் ஒவ்வொரு மாசி மகத்துக்கும் சூடம் கொளுத்தும்போது, “இது நம்ம ஆளுங்க உசுரோட வந்து சேர்ந்ததுக்கு” என்பார் என் தாத்தா.

நக்கிள்ஸ் மலைச் சாரலில் கெலபொக்க, மடுல்கலை, ரங்கலைப் பகுதிகளில் காடு வெட்டிக் கோப்பி போட்டார்கள். கோப்பி மூட்டை கீழே வந்தது மாட்டுக் கரத்தையில். கண்டியிலிருந்து கொழும்புக்குக் கரத்தை போய்ச் சேரப் பல நாள் ஆகும். வழியில் மாடு சாகும், மூட்டை நனையும், கூலி ஏறும். தோட்டத் துரைமார் ரயில் கேட்டு நெருக்கினார்கள். 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. 1880இல் பாதை மாத்தளை வரை நீண்டது. கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து வத்தேகம வழியாகப் போகும் பாதை அதுதான். வத்தேகம டவுனாக வளர்ந்தது அந்த ஸ்டேஷனால்.

ஆனால் கோப்பிக்காகக் கேட்ட ரயில் வத்தேகம வரை வந்து சேர்ந்தபோது கோப்பி சாகக் கிடந்தது. 1869இல் இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்ட இலைத்துரு நோய் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தோட்டங்களை முடித்துவிட்டது. கோப்பி ஏற்றவேண்டிய பெட்டிகளில் கொக்கோவும் தேயிலையும் ஏறின. என் அப்பா தோட்டத்து லொறியில் கிளீனர். தேயிலைப் பெட்டிகளுடன் வத்தேகம ஸ்டேஷனுக்கு வரும் நாட்களில் என்னையும் பெட்டிகளின் மேல் ஏற்றிக்கொள்வார். கோச்சி வந்தால் கரித்தூள் கண்ணில் விழும், வெள்ளை வேட்டிக்காரர்கள் ஒதுங்கி நிற்பார்கள். நிலக்கரிப் புகையும் நெஞ்சுக்குக் கெடுதல்தான். ஆனாலும் ஒரு நாளில் வந்துபோன கோச்சிகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம், அவற்றின் புகையும் தண்டவாளத்தை ஒட்டியே கிடந்தது. 1950களின் நடுப்பகுதியில் ரயில்வேப் பொறியாளர் பி.டி. ரம்பாலாவின் காலத்தில் கனடாவிலிருந்து டீசல் எஞ்சின்கள் வந்தன. கரித்தூள் நின்றதும் காற்று சுத்தமாகிவிட்டது என்று எல்லாரும் நம்பினோம். கண்ணில் விழுந்து உறுத்தும் பெரிய தூள்தான் நின்றது. டீசலின் துகள் கண்ணுக்கே தெரியாது, அது போகும் தூரமும் அதிகம்.

சிவப்பு பஸ், வெள்ளை வேன்

வீதிப் போக்குவரத்து முதலில் தனியார் கையில் இருந்தது. கம்பெனிகள் ஒரே பாதையில் ஒன்றையொன்று துரத்தின. 1958 ஜனவரி 1ஆம் திகதி பண்டாரநாயக்க அரசாங்கம் பஸ்களைத் தேசியமயமாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையை உண்டாக்கியது. எங்கள் தலைமுறைக்கு பஸ் என்றால் அந்தச் சிவப்பு பஸ்தான். முன்னங்கதவுப் படியில் தொங்கியபடி கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி மஹியாவ ஏற்றத்துக்கு வந்தால், சாரதி கியரை இறக்குவார், எஞ்சின் உறுமும், பின்னால் கறுப்புப் புகை எழும்பும்.

அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று கராஜ்காரர் ஒருவர் எனக்கு விளக்கினார். பெற்றோல் எஞ்சினில் தீப்பொறி உண்டு, டீசல் எஞ்சினில் இல்லை. காற்றை இறுக்கிச் சூடேற்றி, அதற்குள் எண்ணெயைப் பீச்சினால் அது தானாகப் பற்றும். ஏற்றத்தில் பாரம் கூடும்போது சாரதி அமுக்க அமுக்க எண்ணெய் கூடும், காற்று போதாது. எரியாமல் மிஞ்சும் கரிதான் கறுப்புப் புகை. முனை தேய்ந்த இன்ஜெக்டர், மாற்றாத காற்றுவடிகட்டி, கொள்ளும் ஆட்களைப்போல இரு மடங்கு கூட்டம் எல்லாம் சேர்ந்தால் புகையும் சேர்ந்து கூடும். சமவெளி நகரத்தில் ஓடும் பஸ்ஸைவிட மலைநாட்டு பஸ் அதிகம் புகைப்பது இதனால்தான்.

1977இல் பொருளாதாரம் திறந்தது. 1979இல் தனியார் பஸ்களுக்கு மறுபடி அனுமதி கிடைத்தது. ஜப்பானில் ஓடி முடிந்த மினி பஸ்களும் டீசல் வேன்களும் துறைமுகத்தில் வரிசையாக இறங்கின. பஸ்ஸுக்குக் காத்து நின்ற சனம் பிழைத்தது, அதை மறுக்கமாட்டேன். இரவு ட்யூட்டி முடிந்து எட்டு மணிக்கு வத்தேகம பஸ் கிடைத்ததே அந்த மினி பஸ்களால்தான். ஆனால் பழைய போட்டியும் திரும்பி வந்தது. ஆள் நிரம்பும்வரை நிலையத்தில் எஞ்சினை ஓடவிட்டு நிற்பது, முன்னால் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஏற்றத்தில் அமுக்குவது, சந்தியில் பாதியை மறித்து ஆள் ஏற்றுவது எல்லாம் வழமையாயின. “எஞ்சினை நிப்பாட்டுங்களேன் தம்பி” என்று ஒருமுறை சாரதியிடம் சொன்னேன். “நிப்பாட்டினா பெட்டரி இழுக்காது சேர், நீங்கதான் எறங்கித் தள்ளணும்” என்றான். அவன் சொன்னதும் உண்மை.

முச்சக்கர வண்டிகள் பெருகியது அதே காலத்தில்தான். அன்றைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் மசகெண்ணெய் பெற்றோலுடன் கலந்தே எரியும், அதில் ஒரு பங்கு எரியாமலே நீலப் புகையாக வெளியேறும். இதற்கு மேல் கண்டியின் பள்ளிக்கூடங்கள். திரித்துவக் கல்லூரி 1872, பெண்கள் உயர்தரப் பாடசாலை 1879, தர்மராஜா 1887, கிங்ஸ்வூட் 1891. நடந்து வரும் பிள்ளைகளுக்காகவும் விடுதிப் பிள்ளைகளுக்காகவும் நகரத்திலும் அதன் ஓரங்களிலும் கட்டியவை. நூறு ஆண்டு கழித்து அதே வாசல்களுக்கு மாவட்டத்தின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன்கள் வருகின்றன, வத்தேகமயிலிருந்தும் வருகின்றன. பள்ளிக்கூட விடுமுறை நாளில் கண்டிக்குப் போனவர்களுக்கு அதன் கனம் தெரியும். அன்றைக்கு அதே தூரத்தை பஸ் பாதி நேரத்தில் ஓடி முடிக்கும்.

மூடிய வீதி

1998 ஜனவரி 25ஆம் திகதி காலையில் தலதா மாளிகை வாசலில் விடுதலைப் புலிகளின் குண்டு லொறி வெடித்தது. கண்டி வரலாற்றில் அந்த நாள் உயிர்களுக்காகவும் சிதைந்த கல்லுக்காகவும் நினைக்கப்படுகிறது, அப்படித்தான் நினைக்கப்பட வேண்டும். அதன் பின்விளைவுகளில் ஒன்று மட்டும் அதிகம் பேசப்படுவதில்லை. மாளிகைக்கு முன்னால் போன வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. நகரத்தைக் குறுக்கே கடந்த வண்டிகள் ஏரியைச் சுற்றிப் போகவேண்டி வந்தது.

ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் மலைச்சரிவு, நடுவில் வளைந்து போகும் ஒடுங்கிய வீதி. அதை அகலமாக்கவும் இடமில்லை. மெதுவாக நகரும் வண்டி, நின்று நின்று புறப்படும் வண்டி ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடும் புகை, சீராக ஓடும் வண்டியுடையதைவிடக் கூட. அரசன் வெட்டிய ஏரியின் கரையில் காலையில் உலாவ வருகிறவர்கள், நெஞ்சுக்கு நல்லதென்று டொக்டர் சொன்னதால் நடக்க வந்த இதய நோயாளிகள் உட்பட, அந்த வரிசைக்குப் பக்கத்திலேதான் மூச்சு வாங்க நடக்கிறார்கள். வேகமாக நடக்கும்போது உள்ளிழுக்கும் காற்றின் அளவு உட்கார்ந்திருக்கும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு.

பேராதனைப் பல்கலைக்கழகத்தார் இதை அளக்காமல் இருக்கவில்லை. இரசாயனவியல் பேராசிரியர் ஒலிவர் இலேபெரும கண்டிக் காற்றைப் பற்றிப் பல ஆண்டுகளாக எச்சரித்துவந்தார். நகரத்துக் காற்றிலுள்ள தூசித் துகளையும் வாகன நெரிசலையும் சேர்த்துப் பார்த்த எலங்கசிங்க, சாந்தினி ஆகியோரின் ஆய்வு 2008இல் வெளிவந்தது. விக்ரமசிங்க, கருணாரத்ன, சிவகணேசன் மூவரும் கண்டியின் நகர்ப்புறம், புறநகர், கிராமம் மூன்றிலும் துகள்களைச் சேகரித்து, அவற்றில் ஒட்டியிருக்கும் புற்றுநோய் தரக்கூடிய சேர்மங்களை ஒப்பிட்டு 2011இல் எழுதினார்கள். வண்டி மிகுந்த நகர்ப்புறத்தில்தான் அவை அதிகம்.

வெளியுலகில் இந்தப் பாடத்தை முதலில் படித்தவையும் பள்ளத்தாக்குகள்தான். 1930 டிசம்பரில் பெல்ஜியத்தின் மியூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மூடுபனி சில நாள் அசையாமல் நின்றது. தொழிற்சாலைப் புகை வெளியேற வழியின்றி அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 1948 அக்டோபரில் அமெரிக்காவின் டொனோரா என்ற ஆற்றோர ஊரில் 20 பேர். 1952 டிசம்பரில் லண்டனில் முதல் கணக்கே 4000. இந்த மூன்று இடத்திலும் முதலில் விழுந்தவர்கள் ஏற்கெனவே நெஞ்சும் நுரையீரலும் தளர்ந்தவர்கள். அங்கே புகைத்தது ஆலையும் நிலக்கரியும், இங்கே வண்டி. மேலே நின்ற மூடி ஒன்றே.

தாளில் தாழும் கோடு

வீதிப் புகை நெஞ்சை எப்படி எட்டுகிறது? மூக்கும் தொண்டையும் பெரிய தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டரைப் பங்கும் அதற்குக் குறைந்ததுமான துகளை பி.எம்.2.5 என்கிறார்கள். அது நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போகும். அங்கே உடம்பு அதை எதிரியாக நினைத்துப் போராடுகிறது. அந்தப் போரில் உண்டாகும் அழற்சிப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகின்றன. குழாய்களின் உட்சுவர் தன் இளக்கத்தை இழக்கிறது, இரத்தம் உறையும் குணம் கூடுகிறது. துடிப்பை ஏற்றி இறக்கும் நரம்புகளின் சமநிலையும் குலைகிறது. பல ஆண்டு இப்படி நடந்தால் குழாயில் கொழுப்புப் படிவு தடிக்கும். ஏற்கெனவே படிவு உள்ளவருக்கு ஒரே நாளில், சில மணி நேரத்தில், அது வெடித்து அடைப்பை உண்டாக்கலாம்.

மிக நுண்ணிய துகள்கள் இரத்தத்துக்குள்ளேயே போய்விடுகின்றன என்று 2017இல் எடின்பரோவைச் சேர்ந்த ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் காட்டினார்கள். தொண்டர்களுக்குச் சுவாசத்தில் கொடுத்த தங்க நுண்துகள் சிறிது நேரத்திலேயே இரத்தத்தில் தெரிந்தது. கழுத்துக் குழாய் அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்களின் படிவுக்குள்ளும் அது போய்த் தங்கியிருந்தது.

என் தொழிலுக்கு மிகக் கிட்டிய ஆய்விலும் எடின்பரோ ஆய்வாளர்களுக்குப் பங்குண்டு, அது 2007இல் வெளிவந்தது. முன்பு மாரடைப்பு வந்து தேறியிருந்த 20 ஆண்களை ஓர் அறையில் விட்டு விட்டுச் சைக்கிள் மிதிக்கவைத்தார்கள். ஒருமுறை வடிகட்டிய காற்றில், மறுமுறை நெரிசல் வீதியில் இருக்கும் அளவுக்கு நீர்த்த டீசல் புகையில், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். அவர்கள் ஒருவருக்கும் நெஞ்சு வலிக்கவில்லை. ஆனால் ஈ.சி.ஜி. தாளில் எஸ்.டி. என்ற பகுதி, டீசல் புகையில் மிதித்தபோது கூடுதலாகத் தாழ்ந்தது. இதயத் தசைக்கு இரத்தம் போதவில்லை என்பதற்கான அடையாளம் அது. இரத்தக் கட்டியைக் கரைக்க உடம்பு சுரக்கும் பொருளும் குறைந்திருந்தது. இதைப் படித்தபோது நான் எடுத்த பல தாள்கள் மனதில் ஓடின. வலி தெரியாமலே கோடு தாழ்ந்திருந்தவர்கள் எத்தனையோ பேர்.

2004இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் மாரடைப்பிலிருந்து பிழைத்த 691 பேரிடம், வலி வருவதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று மணிக்கணக்காக விசாரித்து எழுதினார்கள். வீதிப் போக்குவரத்தில் இருந்த நேரத்துக்கு அடுத்த ஒரு மணியில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. கார், பஸ், சைக்கிள் எதில் போனாலும் கூடியே இருந்தது. நெரிசலின் சத்தமும் பதற்றமும் இதில் பங்காளிகளாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். கண்டி சாரதிக்குப் புகை, சத்தம், பதற்றம் மூன்றும் சேர்ந்துதான் கிடைக்கின்றன.

நிற்பவர்கள்

வண்டியில் போகிறவன் ஒரு மணி நேரம் சுவாசிப்பதை வீதியில் நிற்பவன் நாள் முழுக்கச் சுவாசிக்கிறான். வத்தேகம பஸ் ஏறி இறங்கும் வழியில்தான் மஹியாவ இருக்கிறது. நகரசுத்திக்கென்று ஆங்கிலேயர் காலத்தில் குடியமர்த்தப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நெருக்கமான வரிசை வீடுகளில் வாழும் இடம். வீதியைக் கூட்டும்போது வண்டி இறக்கிய கரித்தூசி மறுபடி எழும்புகிறது, கூட்டுகிறவர் அதை இரண்டாம் தடவை சுவாசிக்கிறார். வேலை முடிந்து போகும் வீடும் அதே ஏற்றத்தின் ஓரத்தில். அப்படி ஒரு அம்மா கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் சொன்னது: “நெஞ்சு வலிக்கல சாமி, பாரமா இருக்கு. கூட்டும்போது மட்டும்.” அவர் சிகரெட்டைக் கையாலும் தொட்டதில்லை.

புகையைத் தனிக் குற்றவாளியாக நிறுத்தவும் நான் விரும்பவில்லை. சீனி வருத்தம், பிரஷர், புகையிலை, வெற்றிலையுடன் போடும் போயிலை, கசிப்பு, தேங்காயெண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரித்த வடை எல்லாவற்றுக்கும் பங்குண்டு. தோட்டத்து லயத்தில் புகைபோக்கி இல்லாத விறகடுப்பின் முன் எங்கள் அம்மாமார் விட்ட மூச்சும் அதே துகளைத்தான் இழுத்தது. மலைக் கொழுந்துக் காற்றில் வேலை செய்பவர்களுக்கும் நெஞ்சு வருத்தம் வருவதில் அந்த அடுப்புக்கு ஒரு பங்கிருக்கும். கடல் கடந்தும் புகை வருகிறது. 2022 டிசம்பரில் இந்தியாப் பக்கமிருந்து காற்று அடித்தபோது இலங்கை முழுக்க மங்கி, 9ஆம் திகதி பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். ஆனால் சீனியைக் குறைக்க ஒருவர் தன் தட்டைப் பார்த்தால் போதும். சந்தியில் நிற்கும் பொலிஸ்காரர் தன் காற்றைத் தானே மாற்றிக்கொள்ள முடியாது.

திகதியுள்ள முடிவுகள்

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை தருவது ஒன்று. புகை கூடியதும் குறைந்ததும் ஒவ்வொரு தடவையும் யாரோ ஒப்பமிட்ட ஒரு முடிவால்தான். 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2008இல் இரண்டு ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி தடைப்பட்டது, அதன் பிறகு நீலப் புகை வருடா வருடம் மெலிந்ததைக் கண்ணால் பார்த்தோம். அதே ஆண்டின் கடைசியில் மேல் மாகாணத்தில் புகைப் பரிசோதனை தொடங்கி மற்ற மாகாணங்களுக்கும் வந்தது. அதே 2008இல் காற்றுத் தர வரம்பும் திருத்தப்பட்டது. பி.எம்.2.5க்கு ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 25 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் வரம்பை 5ஆகக் குறைத்துவிட்டது. சட்டப்படி நல்ல காற்று என்பதும் நெஞ்சுக்கு நல்ல காற்று என்பதும் இன்று ஐந்து மடங்கு விலகி நிற்கின்றன.

2020இல் ஊரடங்கு வந்தபோதும், 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோதும், கண்டி வீதிகள் ஒழிந்து கிடந்தன. இரண்டும் துன்ப காலம், இரண்டாவதில் ஆஸ்பத்திரிக்கு ஆள் வந்துசேர முடியாமல் பட்ட பாடு பெரிது. வண்டி நின்றால் மலை தெரியும் என்பதை மட்டும் அந்த நாட்கள் எல்லாருக்கும் காட்டின. சனத்தைப் பட்டினி போடாமல் அந்தக் காற்றில் கால்வாசியாவது வாங்க முடியாதா என்பதுதான் கேள்வி.

வழி புதிதாகத் தேடவேண்டியதில்லை. 1880இல் போட்ட தண்டவாளம் வத்தேகமயிலிருந்து நேரே கண்டிக்குள் போகிறது. வேலைக்கும் பள்ளிக்கும் போகும் நேரம் பார்த்து அதில் கூடுதல் ரயில் விட்டால், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நிற்கும் வேன்களில் ஒரு பங்கு வீட்டிலேயே நிற்கும். பள்ளி வாசலுக்குத் தனி வேனுக்குப் பதில் பஸ் வரவேண்டும். வீதி கூட்டுவது நெரிசலுக்கு முன் முடியவேண்டும், சந்தியில் நிற்பவருக்கு மணிக்கு மணி மாற்று ஆள் வேண்டும். ஆஸ்பத்திரியில் நெஞ்சு வருத்தக்காரருக்கு ‘நடங்கள்’ என்று எழுதிக் கொடுக்கும்போது எந்த நேரத்தில், எந்த வீதியை விட்டு விலகி நடப்பது என்பதையும் எழுதவேண்டும். இதில் எதற்கும் பெரிய இயந்திரம் தேவையில்லை.

பெரிய வேலை ஒன்றும் நடக்கிறது. குட்ஷெட் பக்கத்தில் பஸ்ஸையும் ரயிலையும் ஓரிடத்தில் சேர்க்கும் புதிய நிலையத்துக்கு உலக வங்கியின் கடன் எடுத்திருக்கிறார்கள். வரைபடம் அழகாக இருக்கிறது. அதற்குள் ஆயிரம் பேர் நிழலில் காத்திருப்பார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் பஸ்கள் ஆள் நிரம்பக் காத்திருக்கும். கூரை போட்ட இடத்தில் ஓடவிட்ட எஞ்சின் திறந்த வீதியில் ஓடும் எஞ்சினைவிடக் கெட்டது. நிலையம் திறந்த பிறகு ஒரு பள்ளிக்கூட நாளின் காலை ஏழு மணிக்குப் போய், நிற்கும் பஸ்களில் எத்தனையில் எஞ்சின் ஓடுகிறது என்று எண்ணிப் பார்க்கப்போகிறேன். கொண்டக்டர்மாரும் எண்ணட்டும். அந்த எண்ணிக்கை இன்றையதைவிடக் குறைந்திருந்தால் வாங்கிய கடன் வீண்போகவில்லை.